உன் போனை நான் ஏன் எடுக்கல

டேய் மச்சான்,

ரெண்டு மாசமா நீ போட்ட போன் ஒண்ணையும் எடுக்கல, மெசேஜுக்கும் கட்டைவிரலோட நிறுத்திக்கிட்டேன், எம்மேல என்னடா கோவம்னு நம்ம ஃப்ரெண்டு தாடிகிட்ட விசாரிச்சியாமே. கோவமும் இல்ல மண்ணும் இல்ல, சொல்ல வெக்கமா இருந்துச்சு. வீட்ல எல்லாரும் சௌக்கியம், அம்மா உன்ன கேட்டாங்க, அவங்க மூட்டுவலி அப்படியேதான் இருக்கு. விஷயத்துக்கு வரேன்.

அந்த துப்பாக்கி சுடுற மேட்ச், மூணாவது ஸ்டேஜ். அதிசயமா நல்லா ஓடிட்டு இருந்தேன். நாலாவது டார்கெட்ல ரெண்டாவது ஷாட், 'பட்'டுனு கேக்க வேண்டியது நமுத்துப்போன பட்டாசு மாதிரி 'பொப்'னுச்சு. கையில உதையே இல்ல, ஒவ்வொரு ஷாட்டுக்கும் பின்னாடி போய் வரவேண்டிய மேல்பாகம், அந்த ஸ்லைடு, அசையல. அங்க நின்னு யோசிச்சிருக்கணும்ல? எங்க யோசிக்க விடுது, வருஷக்கணக்கா பழக்கின கை, மேகசின் அடியில ஒரு தட்டு, ஸ்லைடை ஒரு இழு, அடுத்த தோட்டா உள்ள போயாச்சு, விரல் ட்ரிகர் மேல. அப்ப ரேஞ்ச் ஆபீசர், ஆர்.ஓ., "ஸ்டாப்!"னு போட்டாரு பாரு ஒரு சத்தம், ஹெட்செட்டையும் தாண்டி வந்துச்சு.

காலி பண்ணி கழட்டிப் பாத்தா பேரலுக்குள்ள குண்டு நிக்குது. ஸ்க்விப். வெடிமருந்தே விழாத தோட்டா, அடியில தீ மூட்டுற ப்ரைமர் மட்டும் வெடிச்சு குண்டை கொஞ்ச தூரம் தள்ளிவிட்டு மூச்சு வாங்கியிருக்கு. அடுத்தத அடிச்சிருந்தா அது இது முதுகுல போய் முட்டி, பேரல் வீங்கியிருக்கும், இல்ல பொளந்திருக்கும். பித்தளைக் கம்பி விட்டு தட்டித்தான் எடுத்தோம். அந்தக் குண்டு இப்ப என் மேஜை மேல இருக்கு, பேரல் உள்ள வெட்டியிருக்கிற ரைஃப்ளிங் கோடு ஆறும் சாய்வா, நகத்தால கீறின மாதிரி பதிஞ்சிருக்கு.

இதுல உனக்கு என்ன சம்பந்தம்னு கேளு. அந்தத் தோட்டா பேட்சை நானே ரீலோட் பண்ணின, அதாவது சுட்ட கேஸ்ல மருந்தும் குண்டும் திரும்ப வச்ச ராத்திரி போன் பண்ணினது நீதான். உன் புது ட்ரிகர் புராணம், நாப்பது நிமிஷம். ஒரு கை போன்ல, ஒரு கை தோட்டா அழுத்துற ப்ரெஸ் ஹேண்டில்ல. நடுவுல ஒரு கேஸ் கோணலா சிக்கிச்சு, ஹேண்டிலை பாதியில தூக்கி, கேஸ் நிக்கிற தட்டை கையால பின்னாடி திருப்பி, கேஸை எடுத்து நிமித்தி திரும்ப வச்சேன். எதுல மருந்து விழுந்துச்சு, எதுல விழலன்னு குனிஞ்சு பாக்கல. நீ நம்ம கணக்கு வாத்தியார் மாதிரி பேசிக்காட்டிட்டு இருந்த, நான் சிரிச்சிட்டு இருந்தேன்.

உன்ன திட்டத்தான் நெனச்சேன், ஒரு வாரம் மனசுக்குள்ள திட்டவும் செஞ்சேன். ஆனா போனை எடுத்தது யாரு?

மிச்சம் முந்நூத்தி எண்பது சொச்சம் தோட்டா டப்பாவுல கிடந்துச்சு. தராசுல போட்டா தெரிஞ்சிடும்னு உக்காந்தேன். தெரியலடா. பொறுக்கின கேஸ் தானே, ஒண்ணுக்கொண்ணு நாலஞ்சு கிரெய்ன் வித்தியாசம் சாதாரணமா வருது, நான் போடுற மருந்தே கிட்டத்தட்ட அவ்ளோதான். 1 கிரெய்ன்னா 0.065 கிராம். அப்ப மருந்து விழாத காலி எது, ரெண்டு தடவை விழுந்த ரெட்டை எதுன்னு எடையப் பாத்து எப்படி சொல்றது? எல்லாத்தையும் பிரிச்சேன். குண்டை கழட்டுறதுக்கு சுத்தியல் மாதிரி இருக்குமே அந்த புல்லர், ஒரு தோட்டாவுக்கு மூணு தட்டு, மூணு ராத்திரி. வீட்டுக்காரி தலகாணியை காதுல வச்சுக்கிட்டு, "இதுக்கு நீ தண்ணியடிச்சிட்டு வந்தாகூட பரவால்ல"ன்னா.

ரெண்டாவது ராத்திரி ஒண்ணு வந்துச்சு மச்சான். மத்ததுல மருந்து கேஸ்ல பாதிகூட வராது, இதுல குண்டோட அடி வரைக்கும் நிக்குது. ரெட்டை. அந்தக் காலிக்கு பக்கத்து சீட்டுக்காரனா இருக்கணும். அதை உள்ளங்கையில வச்சுக்கிட்டு எவ்ளோ நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியல. மேட்ச்ல மேகசின்ல இது இருந்திருந்தா ஆர்.ஓ. சத்தம் போட நேரமே இருந்திருக்காது.

இதுக்கெல்லாம் மூலம் என் பேராசைதான். உதை மெத்துனு இருக்கணும்னு வேகமா எரியிற மருந்தா தேடிப் புடிச்சேன், மேட்ச்ல தோட்டாவோட பலத்துக்கு வைக்கிற கணக்கு, பவர் ஃபேக்டர், 125ஐ தொட்டு நின்னா போதும்னு. 124 கிரெய்ன் குண்டு, விநாடிக்கு 1020 அடி, பெருக்கி ஆயிரத்தால வகுத்தா 126.48. வேகம் அளக்குற க்ரோனோல அந்த நம்பரைப் பாத்துட்டு நான் ஆடின ஆட்டம் உனக்குத் தெரியும். 125க்கு கீழ போச்சுன்னா சுடலாம், ஸ்கோர் கிடையாது, அந்தக் கோட்டு மேல கழைக்கூத்து ஆடினேன். ஆனா அந்த மருந்து கேஸ்ல இம்புட்டூண்டு, ரெட்டையா விழுந்தாலும் சத்தமில்லாம உள்ள அடங்கிடும். இப்ப உப்பலான மருந்துக்கு மாறிட்டேன், ரெட்டையா விழுந்தா வழிஞ்சு மேஜையெல்லாம் கொட்டும். உதை கொஞ்சம் கூடத்தான். கூடட்டும்.

சரி, இப்ப உன் பஞ்சாயத்து. புது ட்ரிகரோட சியரை, ஹேமரை புடிச்சு நிறுத்துற அந்த கொக்கியை, நீயே அரத்தால தேச்சியாமே? தாடி எல்லாத்தையும் சொல்லிட்டான். மூச்சு விட்டாலே விழுது ட்ரிகர்னு பெருமை வேற. டேய், சில பார்ட்ல எஃகுக்கு மேல்தோல் மட்டுந்தான் கெட்டி, அதைத் தேச்சு எடுத்துட்டா உள்ள மெத்தை, நாலு மேட்ச்ல மழுங்கிடும். அப்புறம் ஸ்லைடு மூடும்போது ஹேமரும் பின்னாலயே விழும், நீ தொடாமலே சுட்டாலும் சுடும். வெளிய போன்னு டிஸ்குவாலிஃபை பண்ணுவாங்க, அது பரவால்ல, அந்த நேரம் முனை எந்தப் பக்கம் இருக்கும்? தேய்க்காத பழைய சியரை தூக்கிப் போட்டுடலல்ல? அதையே திரும்ப மாட்டு. இல்ல துப்பாக்கி ரிப்பேர் பாக்குற கன்ஸ்மித்கிட்ட குடு, கைராசிக்காரன்னு உன்ன நாங்க யாரும் சொன்னதில்ல, உன் சைக்கிள் பிரேக் கதை இன்னும் மறக்கல.

இப்ப ரீலோடிங் ரூம்ல போன் கிடையாது, கதவுக்கு வெளிய ஸ்டூல் மேல வச்சிட்டுத்தான் உள்ள போறேன். சிக்கிச்சுன்னா தட்டுல இருக்கிற எல்லாத்தையும் எடுத்துட்டு முதல்லருந்து. ராத்திரி ஒன்பதுக்கு மேல போடு, எடுக்கிறேன். வாத்தியார் குரல்ல பேசாத.

உன் மச்சான்