பத்தரை நிமிடம்

அன்புள்ள தேவி,

உன் கடிதத்துக்குப் பதில் போட இரண்டு வாரம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

"உங்க மெஷின் ஒன்று நின்றுபோனால் அதில் இருந்ததெல்லாம் போச்சா?" என்று கேட்டிருந்தாயே. போன செவ்வாய் ராத்திரி அதுதான் நடந்தது. ஒரு டேட்டாநோடு, அதாவது டேட்டாவைச் சேமித்து வைக்கும் மெஷின், திடீரென்று செத்துப்போனது. ஆனால் ஒரு ஃபைல்கூடத் தொலையவில்லை.

எங்களிடம் இருப்பது ஹடூப் என்ற மென்பொருளின் ஹெச்டிஎஃப்எஸ், ஃபைல்களைப் பல மெஷின்களில் பிரித்து வைக்கும் ஏற்பாடு. பெரிய ஃபைலை 128 எம்பி துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் மூன்று மெஷின்களில் வைக்கும். முதல் பிரதி ஒரு ரேக்கில் (மெஷின்களை அடுக்கி வைக்கும் அலமாரி), மற்ற இரண்டும் வேறொரு ரேக்கில் இரண்டு தனித்தனி மெஷின்களில். ஒரு ரேக்குக்கு மொத்தமாகக் கரண்ட் போனாலும் ஒரு பிரதியாவது மிஞ்சும்.

ஒவ்வொரு டேட்டாநோடும் 3 விநாடிக்கு ஒருமுறை, எந்தத் துண்டு எங்கே என்று கணக்கு வைத்திருக்கும் நேம்நோடுக்கு 'இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் நின்று 10 நிமிடம் 30 விநாடி ஆனால்தான் மெஷின் செத்ததாகக் கணக்கு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது பொறுக்கவே இல்லை. எதற்கு இவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டும்? அப்புறம்தான் புரிந்தது. கேபிள் லூசாகி இருக்கலாம், மெஷின் ரீபூட் ஆகிக்கொண்டிருக்கலாம். அவசரப்பட்டால் டெராபைட் கணக்கில் வீணாக நகல் எடுக்க வேண்டிவரும்.

நேரம் முடிந்ததும் பிரதி குறைந்த துண்டுகளின் எண்ணிக்கை திரையில் குபீரென்று ஏறியது. ஒரே ஒரு பிரதி மிஞ்சிய துண்டுகள் இருந்தால் அவற்றுக்குத்தான் முதல் கவனிப்பு. உயிரோடு இருக்கும் மெஷின்கள் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சமாக வேலையைப் பங்குபோட்டுக்கொண்டன. டீ ஆறிப்போனது தெரியாமல், அந்த எண் இறங்கி இறங்கி பூஜ்யத்துக்கு வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி அது.

2017இல் வந்த ஹடூப் 3இல் இன்னொரு வழியும் உண்டு. பிரதி எடுக்காமல், ஆறு துண்டுக்கு அவற்றிலிருந்தே மூன்று கூடுதல் துண்டு கணக்குப்போட்டு வைத்தால், மூன்று மடங்கு இடத்துக்குப் பதில் ஒன்றரை மடங்கு போதும். ஆனால் தொலைந்த ஒன்றை மீட்க, மிஞ்சியவற்றில் ஆறைப் படிக்க வேண்டும். பழைய டேட்டாவுக்குச் சரி. தினமும் புழங்குவதற்கு மூன்று பிரதிதான் எனக்கு நிம்மதி.

எனக்குப் பயமெல்லாம் வேறு. யாராவது தவறாக ஒரு ஃபைலை அழித்தால் மூன்று பிரதியும் சேர்ந்தே போகும். அதனால் பேக்கப் தனியாக, வேறு ஊரில் இருக்கிறது.

இதை எழுதும்போதே உன் அப்பாவின் வில்லுப்பாட்டு கேசட்டுகள் ஞாபகம் வந்தன. கம்ப்யூட்டரில் ஏற்றி இரண்டு பென்டிரைவில் வைத்திருப்பதாகச் சொன்னாய். இரண்டும் ஒரே பீரோவில்தானே இருக்கின்றன? ஒன்றை உடனே உன் தங்கை வீட்டுக்குக் கொடுத்தனுப்பு. பொங்கலுக்கு வரும்போது ஹார்ட்டிஸ்க் எடுத்து வருகிறேன், மூன்றாவது பிரதி என்னிடம் இருக்கட்டும். கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதே.

அன்புடன்,
மல்லிகா