ஆண்டறிக்கை: படங்களுக்கு இசை தேடிய ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

முதலில் வழக்கமான விஷயங்கள். தை தவிர எல்லா மாதமும் கூட்டம் நடந்தது. தையில் பாதிப் பேர் சம்பா அறுவடையில் இருந்தார்கள், மீதிப் பேர் திருவையாற்றில் ஆராதனை கேட்கப் போய்விட்டார்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ப்ரொஜெக்டர் பல்பு மாற்றியாயிற்று.

இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது, அதிகம் சண்டை போட்டதும், ஒரே விஷயத்துக்காகத்தான்: ஊர்களில் நம் நிலக்காட்சிப் புகைப்படங்களைத் திரையில் வரிசையாக ஓடவிடும்போது பின்னால் என்ன இசை வைப்பது? இதுவரை நம்மிடம் இருந்தது ஒரே ஒரு புல்லாங்குழல் சிடி. கல்லணை மதகில் தண்ணீர் பாய்ந்தாலும் அதுதான், கோடியக்கரையில் பூநாரை இறங்கினாலும் அதுதான்.

பேராவூரணிப் பக்கம் ஒரு கிராமத்தில் கஜா புயல் படங்களைப் போட்டோம். 2018 நவம்பர் 16 விடியலில் அடித்த காற்றில் சாய்ந்த தென்னந்தோப்புகள். அதற்கும் அந்தக் குழல்தான். பாதியில் ஒரு அம்மா எழுந்து போய்விட்டார். பிறகு வாசலில் நின்று, "என்ன தம்பி, கல்யாண மண்டபத்துல போடுற பாட்டா இது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. தேர்ந்தெடுத்தவன் நான்தான்.

அடுத்த ஊரில் அதே படங்களை இசையே இல்லாமல் ஓட்டினோம். ப்ரொஜெக்டர் விசிறியின் இரைச்சல் மட்டும். நாலைந்து படம் போனதும் கூட்டமே பேச ஆரம்பித்துவிட்டது. இது யார் தோப்பு, இந்த மரம் எந்தப் பக்கம் விழுந்தது, அன்றைக்கு எங்கே ஒதுங்கினோம் என்று. சோக வயலின் வைக்கலாம் என்று செயற்குழுவில் வாதாடிய நண்பர் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆடி மாதக் கூட்டத்தில் செய்த சோதனை இன்னும் சுவையானது. மேட்டூரில் வழக்கப்படி ஜூன் 12-இல் தண்ணீர் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்துவிடும். காய்ந்த வாய்க்காலுக்குள் முதல் தண்ணீர் நுரையோடு நுழையும் முப்பது படங்களை இரண்டு முறை காட்டினோம். முதலில் நாதஸ்வரத்தில் கம்பீர நாட்டை ராக மல்லாரி. சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது அல்லவா, தண்ணீரே வீதியுலா வருவது போலிருந்தது. அடுத்து வீணையில் தாலாட்டு ராகமான நீலாம்பரி. அதே தண்ணீர் தூங்கப் போவது போலாகிவிட்டது. ஆனால் சென்னையிலிருந்து வந்திருந்த என் மைத்துனருக்கு மல்லாரி வெறும் சத்தமாகத்தான் பட்டது. கோயில் வாசலில் கேட்டு வளர்ந்த காதுக்குத்தான் அந்தப் பொருத்தம். வெளியூர்க் காட்சிகளுக்கு இதை நினைவில் வைக்க வேண்டும்.

உறுப்பினரான தமிழாசிரியர் ஐயா ஒன்று சொன்னார். நம் அகப்பொருள் இலக்கணத்தில் திணையின் கருப்பொருள் வரிசையிலேயே பறையும் யாழும் உண்டு. மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை. நிலத்தைச் சொன்னால் அதன் ஒலியையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். நாம் என்னவோ புதிதாகக் கண்டுபிடித்தது போல ஆடியில் குதித்துக்கொண்டிருந்தோம்.

வேலை செய்யும்போது பிடிபட்ட சில: ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. விநாடிக்கு ஒன்று என்று வைத்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, ஒரு படம். உப்பளத்துக்கும் அலையாத்திக் காட்டுக்கும் அது சரி, நடவுப் படங்களுக்கு அதில் பாதி போதும். எல்லாப் படமும் சமத்திலேயே, அதாவது சுற்றின் முதல் தட்டிலேயே, மாறினால் தையல் மெஷின் ஓடுவது போலிருக்கும். காட்சி திரும்பும் இடத்தில் மட்டும் சமத்தில் மாற்றினால் போதும். ராகத்தை மட்டும் விரித்து வாசிக்கும் ஆலாபனைக்குத் தாளம் கிடையாது, ஒரு படம் மெல்லக் கரைந்து அடுத்தது வர வேண்டும். சாகித்யம், அதாவது சொல், உள்ள பாட்டு வேண்டவே வேண்டாம். காது சொல்லைப் பிடித்துக்கொண்டால் கண் படத்தை விட்டுவிடுகிறது.

உரிமை விஷயத்திலும் ஒரு குழப்பம் தீர்ந்தது. தியாகராஜர் கீர்த்தனைக்கு யாரும் உரிமை கேட்க முடியாது. ஆனால் அதை ஒருவர் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு நம் சட்டப்படி 60 ஆண்டு உரிமை உண்டு. அதனால் நாமே பதிவு செய்யத் தொடங்கினோம். ஒரு நாதஸ்வரக் கலைஞர் அரை மணி நேரம் வாசித்துக் கொடுத்தார், சன்மானம் கொடுத்துவிட்டோம். முத்துப்பேட்டைப் படகின் எஞ்சின், மழை இரவின் தவளை, மதகுத் தண்ணீர் இவையும் கைவசம் உள்ளன. கோடியக்கரைப் பதிவு முழுக்கக் காற்றின் இரைச்சல், வீண். செல்போன் மைக்கில் பழைய சாக்ஸை மாட்டிக்கொண்டு திரும்பப் போக வேண்டும்.

நடவுக் குலவை இன்னும் கிடைக்கவில்லை. எங்கள் பக்கம் இப்போது நடவு மெஷின்தான். யார் ஊரிலாவது கை நடவு நடந்தால் முதல் நாளே போன் செய்யுங்கள். ஒரு நல்ல ஸ்பீக்கர் வாங்கவும் இந்தக் கூட்டம் அனுமதி தர வேண்டும். வாடகை ஸ்பீக்கரில் வீணையும் தகர டப்பாவும் ஒன்றாகத்தான் கேட்கின்றன.

அப்புறம், அந்தப் புல்லாங்குழல் சிடி சங்க அலமாரியில்தான் இருக்கிறது. வேண்டியவர்கள் எடுத்துப் போகலாம். திருப்பித் தர வேண்டியதில்லை.

செயலாளர்