ஃபார்மட் போடுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சித்திரை, வைகாசி மாலைகளில் இடியும் காற்றுமாக மழை இறங்கினால் பாலக்கோடு, பென்னாகரம், காவேரிப்பட்டணம் பக்கமெல்லாம் கரண்ட் போய்ப் போய் வரும். யூபிஎஸ் இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த நேரம் விண்டோஸ் அப்டேட் ஏறிக்கொண்டிருந்தால் சிஸ்டம் கோப்புகள் அரைகுறையாக எழுதப்பட்டு நின்றுவிடலாம். மறுநாள் ஸ்டார்ட் மெனு திறக்காது, செட்டிங்ஸ் தானாக மூடிக்கொள்ளும், சில சமயம் நீலத் திரையோடு நின்றுவிடும். கடைக்குத் தூக்கிப் போனால் "ஃபார்மட் போட்டுடலாங்க" என்பதே முதல் பேச்சாக இருக்கிறது. டெஸ்க்டாப்பில் வைத்திருந்த பிள்ளைகளின் பாடக்குறிப்பு, கல்யாணப் படங்கள், மாங்காய் மண்டிக் கணக்கு எல்லாம் அதோடு போய்விடும். இக்கோளாறுகளில் பலவற்றை ஃபார்மட் இல்லாமலே சரிசெய்யலாம் என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

முதல் வேலை, முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுப்பது. அடுத்தது ஹார்டு டிஸ்க்கின் நிலையைப் பார்ப்பது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் 'காஷன்' (எச்சரிக்கை) என்று மஞ்சளாகக் காட்டினால் பழுதுநீக்கும் கட்டளை எதையும் ஓட்டக் கூடாது. சாகப்போகும் டிஸ்க்கை முழுக்கப் படிக்க வைப்பதே அதைக் கொன்றுவிடலாம்.

டிஸ்க் நன்றாக இருந்தால் ஸ்டார்ட்டில் சிஎம்டி (கட்டளைகளை அடிக்கும் கமாண்ட் பிராம்ப்ட் திரை) என்று தேடி, வலது கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுக்க வேண்டும். முழு உரிமையுள்ள அட்மின் கணக்கில்தானே இருக்கிறோம் என்று நேராகத் திறந்தால் நடக்காது. அட்மின் கணக்கிலும் விண்டோஸ் எந்த நிரலையும் குறைந்த உரிமையோடுதான் திறக்கும். அதனால்தான் 'நீங்கள் அட்மினிஸ்ட்ரேட்டராக இருக்க வேண்டும்' என்று அது மறுக்கிறது.

கெட்ட சிஸ்டம் கோப்புகளைத் தேடிச் சரிசெய்யும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளையைத்தான் பலரும் முதலில் ஓட்டுகிறார்கள். சில கோப்புகளைச் சரிசெய்ய முடியவில்லை என்று வந்ததும் கைவிடுகிறார்கள். எஸ்எஃப்சி நல்ல நகலை எடுப்பது விண்டோஸுக்குள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் கிடங்கிலிருந்து. அந்தக் கிடங்கே கெட்டிருந்தால் அது எதை வைத்துச் சரிசெய்யும்? ஆகவே கிடங்கைப் பழுது பார்க்கும் டிஐஎஸ்எம் முதலில் ஓட வேண்டும். டிஐஎஸ்எம் என்று அடித்து, சாய்கோடு ஆன்லைன், சாய்கோடு க்ளீனப்-இமேஜ், சாய்கோடு ரீஸ்டோர்ஹெல்த் என்று தொடர வேண்டும். ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் முன்னால் ஓர் இடைவெளி உண்டு, பின்னால் கூடாது. கேள்விக்குறி இருக்கும் பொத்தானின் சாய்கோடுதான் வேண்டும், என்டருக்கு மேலே இருப்பது அல்ல. இதற்கு இன்டர்நெட் தேவை, மொபைல் ஹாட்ஸ்பாட் போதும். 62.3 சதவீதத்தில் வெகுநேரம் நிற்பதுபோல் தெரியும், அப்போது மூடிவிடாதீர்கள். இது முடிந்த பிறகு எஸ்எஃப்சி, சாய்கோடு ஸ்கேன்நவ். பிறகு ரீஸ்டார்ட்.

விண்டோஸே திறக்கவில்லை என்றால், அது ஏறும்போதே பவர் பொத்தானை அழுத்தி அணைப்பதை அடுத்தடுத்து மூன்று முறை செய்தால் ரிப்பேர் திரை வரும். அங்கே உள்ள கமாண்ட் பிராம்ப்ட்டில் வெறும் ஸ்கேன்நவ் பலிக்காது. ஆஃப்பூட்டிர், ஆஃப்வின்டிர் என்ற இரண்டையும் சேர்த்து விண்டோஸ் இருக்கும் டிரைவைச் சுட்ட வேண்டும். அந்தத் திரையில் சி டிரைவ் டி ஆக மாறியிருக்கலாம், டிரைவில் உள்ளவற்றைப் பட்டியலிடும் டிர் கட்டளையால் பார்த்துக்கொள்வது நல்லது. இவ்வளவுக்குப் பிறகும் சில நாளில் கோப்புகள் மறுபடி கெட்டால் விண்டோஸைக் குறை சொல்லிப் பயனில்லை. நினைவகமான ரேமை விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக்கால் சோதியுங்கள், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள்.

எங்களை அதிகம் வருத்துவது அட்மின் உரிமை விஷயம். கம்ப்யூட்டரை முதலில் அமைத்துக் கொடுப்பவர் தன் பெயரில் அட்மின் கணக்கை வைத்துக்கொண்டு, வீட்டாருக்குச் சாதாரணக் கணக்கை மட்டும் கொடுத்துவிடுகிறார். கேட்டால் பாதுகாப்புக்காக என்கிறார். தினசரி வேலைக்குச் சாதாரணக் கணக்கு நல்லதுதான். ஆனால் அட்மின் கடவுச்சொல் வீட்டில் இருக்க வேண்டும். அது கைக்கு வராமலே போனால் எந்தப் பழுதையும் வீட்டார் தொட முடியாது.

புதிய விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் இது இன்னும் மோசம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் பலவற்றில் டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது. அதன் 48 இலக்க மீட்புச் சாவி முதலில் நுழைந்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் உட்காருகிறது. கடைக்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டிருந்தால் சாவி அவரிடம்! பயாஸ் (கம்ப்யூட்டரைத் துவக்கும் அடிப்படை நிரல்) மாறினாலோ மதர்போர்டு மாற்றினாலோ திரை அந்த 48 இலக்கத்தைக் கேட்கலாம். அது இல்லாமல் உள்ளே இருப்பதை யாராலும் எடுக்க முடியாது. இன்றைக்கே உங்கள் கணக்கில் நுழைந்து அந்த எண்ணைத் தாளில் எழுதி, பத்திரங்களோடு வையுங்கள்.

உரிமை இல்லை என்று வந்ததும் விண்டோஸின் முக்கியக் கோப்புகள் உள்ள சிஸ்டம்32 ஃபோல்டரின் உரிமையாளரை மாற்றி, எல்லாருக்கும் முழு அனுமதி கொடுக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். அக்கோப்புகள் ட்ரஸ்டட்இன்ஸ்டாலர் என்ற விண்டோஸின் சொந்தக் கணக்கின் பெயரில் இருப்பதே அவற்றைக் காப்பதற்காக. அந்த வேலியைப் பிடுங்கினால் வைரஸும் உள்ளே வரும், அடுத்த அப்டேட்டும் தடுமாறும். விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை அணைக்கச் சொல்லும் இலவச ஆக்டிவேஷன் நிரலும் இதே ரகம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். மெஷினைத் திருப்பித் தரும்போது அட்மின் கணக்கின் பெயர், கடவுச்சொல், எந்த மின்னஞ்சலில் கணக்கு தொடங்கியது, ஃபார்மட் போட்டீர்களா இல்லையா ஆகிய நான்கையும் ஒரு சீட்டில் எழுதி பில்லோடு கொடுங்கள். வாங்குகிறவர்கள் அந்தக் கடவுச்சொல்லைக் கடை வாசலிலேயே அடித்துப் பார்த்து, வீட்டுக்குப் போனதும் மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் பழுது நீக்கும் தொழிலில் உள்ளோர் சிலர்,
தர்மபுரி.