எலாஸ்டிக் வைத்த கைலி

அன்புள்ள செல்வராசு,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். அம்மா சுகம், முட்டி வலி மட்டும் போகவில்லை. ரங்கூனில் கரண்ட் வருகிற நேரத்துக்கு வருகிறது. விலைவாசி பற்றி எழுதினால் தாள் பத்தாது.

சொல்லியே ஆகவேண்டிய சங்கதி ஒன்று. எங்கள் பயல் குமரனின் பச்சைப் பள்ளிக்கூடக் கைலிகளுக்கு இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு அரைக்கால் சட்டை போட்டவரை பிரச்சினை இல்லை, கைலி வந்ததும் வந்தது வினை. "பர்மாவில் பிறந்த ஆம்பிளைக்குக் கைலி முடியத் தெரியாதா?" என்று பெரியக்கா என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டது. பீலிக்கான் முனீஸ்வரனுக்கு நேர்ந்துகொண்டால் சரியாகிவிடுமாம். முடியத் தெரிந்தவர்கள் லட்சணம் எனக்குத் தெரியாதா? வாய்க்கால் மேட்ச் அன்றைக்கு உன் கைலி எங்கே கிடந்தது என்று அக்காவிடம் சொல்லவா?

கேலி இருக்கட்டும். குமரனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த நாள்முதல் எல்லாரும் அவன் பேச்சைப் பற்றித்தான் விசாரித்தார்கள். முகம் பார்க்கிறானா, கூப்பிட்டால் திரும்புகிறானா என்று கேட்டவர்கள், கையையும் காலையும் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அன்றாடம் அவனை அழவைப்பது அதுதானடா. பொத்தான், மாடிப்படி, பஸ் படி. டீக்கடையில் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மேசையில். அவன் பேசாமல் இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். ஒரு டம்ளரை உடைத்தால் பொறுப்பதில்லை. கவனமில்லை, சோம்பேறி, கொழுப்பு என்று உடனே பட்டம் கட்டிவிடுகிறார்கள்.

தங்கச்சி மகள் போனில் எடுத்துக் காட்டக் காட்டப் படித்தேன். 1944இல் வியன்னாவில் ஆஸ்பெர்கர் என்ற குழந்தை மருத்துவர் தன்னிடம் வந்த பையன்களைப் பற்றி எழுதியபோதே இந்தத் தடுமாற்றத்தையும் எழுதியிருக்கிறார். அப்படியும் ஆட்டிசத்தை முடிவுசெய்கிற அடையாளங்களில் அது இன்றுவரை இல்லை. கூட வரலாம் என்ற அளவோடு சரி. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில், ஆட்டிசம் என்று எழுதியவனுக்குக் கைகால் ஒத்திசைவுக் குறைபாடு என்று தனியாக எழுதவே 2013வரை வழியில்லை. அதே நாட்டில் 2020இல் வந்த ஓர் ஆய்வில், பெற்றோர் நிரப்பிக் கொடுத்த கேள்வித்தாளின்படி, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சுமார் 87 சதவீதம் பேருக்கு இந்தச் சிக்கல் இருக்கலாம் என்று தெரிந்திருக்கிறது. பிறகு ஏன் ஒருத்தரும் எங்களிடம் சொல்லவில்லை?

உடம்பில் பலம் இல்லாமல் இல்லை. கைகால் எங்கே இருக்கிறது என்பது அவனுக்குப் பார்த்தால்தான் தெளிவாகிறது. எதற்குப் பிறகு எது என்ற வரிசையும் தானாக ஓடுவதில்லை. கைலியையே எடுத்துக்கொள்: விரித்துப் பிடித்து, இரண்டு பக்கமும் இழுத்து, முன்னால் சேர்த்து, முறுக்கிச் செருக வேண்டும். நீயும் நானும் பேசிக்கொண்டே செய்வதை அவன் ஒவ்வொன்றாக யோசித்துச் செய்கிறான். நேற்று வந்தது இன்று வராது. அதைத்தான் அவன் வாத்தியார் நடிப்பு என்கிறார். சாயங்காலம் அரிசி மூட்டை இறக்கியவன் போல வந்து விழுகிறான்.

பழகினால் வரும் என்கிறாள் அக்கா. அதில் பாதி உண்மை. எல்லாப் பொத்தானையும் நாங்கள் போட்டுவிட்டுக் கடைசி ஒன்றை மட்டும் அவனிடம் விடுவோம். அது வந்ததும் கடைசி இரண்டு. இப்போது சட்டை முழுவதும் அவனே போடுகிறான். ஒற்றைக்காலில் நிற்கவைத்த பயிற்சியெல்லாம் இந்த அளவுக்கு உதவவில்லை. கைலி முடிச்சையும் வீட்டில் அப்படியே பழகட்டும். அதற்காக ஐம்பது பையன்கள் முன்னால் அவிழ்ந்து விழவேண்டுமா?

பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் வட்டமாக நின்று பந்தைக் கீழே விடாமல் காலால் தட்டுகிற சின்லோன் ஆடுகிறார்கள். எதிரணி இல்லாத ஆட்டம் என்று பெயர், ஆனால் பிரம்புப் பந்து விழுந்தால் யார் காலில் விழுந்தது என்று வட்டமே திரும்பிப் பார்க்கும். இவன் சுவரோரம் உட்கார்ந்திருப்பான். சேர்த்துவிடவா என்றால், "வேணாம், பார்க்கத்தான் பிடிக்கும்" என்கிறான். நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

எனக்குப் பயம் எழுத்தில்தான். பர்மிய எழுத்தெல்லாம் வட்டம், இவன் போடுகிற வட்டம் ஒன்றும் மூடுவதில்லை. வாயால் கேட்டால் பதில் சொல்கிறான். தாளில் பாதிகூட வருவதற்குள் நேரம் முடிகிறது. பள்ளி இறுதிப் பரீட்சையில் இவன் வாயை யார் கேட்கப்போகிறார்கள்? ராத்திரி இதை நினைத்தால் தூக்கம் போய்விடுகிறது, இவளிடமும் சொல்வதில்லை.

அப்புறம், உன் மருமகன் அடுத்த மாதம் வருவதாக எழுதியிருந்தாய். அவரிடம் தடித்த முக்கோணப் பென்சில் ஒரு பெட்டியும், கயிறு கட்டாமல் ஒட்டிக்கொள்கிற பட்டை வைத்த ஷூ ஒரு ஜோடியும் கொடுத்தனுப்பு. கால் அளவு வரைந்த தாள் உள்ளே இருக்கிறது. வரையும்போது பயல் காலை ஆட்டிவிட்டான், அரை இஞ்சு கூடவே வாங்கு. விலையை எழுது, மறைக்காதே.

உன்,
ராமு