கிணற்றடி அத்தி

பாபநாசம்
ஆடி 22

அன்புள்ள ராஜி,

முதலில் என்னைத் திட்டி முடித்துவிடு. உன் அம்மா போய் நாலு மாதம் ஆகிறது. நான் அனுப்பியது வாட்ஸ்அப்பில் கைகூப்பின பொம்மை ஒன்று. நீ நாக்பூரிலிருந்து வந்துவிட்டாய். இங்கே பக்கத்தில் இருக்கிற திருவாரூருக்கு நான் வரவில்லை. மூட்டுவலி என்று உன் அண்ணியிடம் சொன்னேன். அன்றைக்கு மூட்டில் ஒன்றுமில்லை. அதை அப்புறம் எழுதுகிறேன். இங்கேயே ஆரம்பித்தால் இதற்கு முன் எழுதின ரெண்டு கடிதம் மாதிரி இதுவும் பாதியில் கிழிபடும்.

எல்லாரும் சௌக்கியம். அவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதன் பலனாக வீட்டில் உள்ள ஒட்டடை எல்லாம் இப்போது அவர் கண்ணுக்குத் தெரிகிறது, நாளுக்கு ஒரு புகார். பெரியவன் ஓசூரிலேயே. குறுவை பச்சை பிடித்துவிட்டது. சுசீ பேத்திக்குக் காது குத்தினாள். மொய் நோட்டு மேஜையில் அதே பழைய சண்டை, அதே ரெண்டு பேர். நீ இல்லாமல் எனக்குச் சிரிக்கத் துணையில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் கிணற்றில் அத்தி முளைத்திருக்கிறது.

இதற்கா கடிதம் என்று கேட்காதே. கைப்பிடிச் சுவருக்கு ரெண்டு முழம் கீழே, செங்கல் இடுக்கில், ஒரு முழ உயரம், ஏழு இலை. வழக்கம்போல அரசுதான் என்று நினைத்தேன். நம் ஊரில் அரசு முளைக்காத சுவர் ஏது? ஆனால் இலை நுனியில் வால் இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து (அவர் தூக்கம், இல்லாவிட்டால் விட்டிருக்கமாட்டார்) ஒரு இலையைக் கிள்ளினேன். பால் வந்தது. இலையில் பூச்சி வைத்த கொப்புளம் ரெண்டு. அந்தக் கொப்புளத்தை வைத்தே அத்தியைக் கண்டுபிடிப்பேன் என்று காலேஜில் அவரைக்கொடி சாரிடம் பந்தயம் கட்டினாயே, அதே கொப்புளம்.

கொத்தனார் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னைக்கு இது செடிம்மா. அஞ்சு வருஷத்துல இதுதான் கிணறு" என்றார். அவர் சொல்வது சரிதான். இந்த ஜாதியின் வேர் கோபுரத்தையே பிளக்கும், என் மாமனார் கட்டின கிணறு எம்மாத்திரம். அடித்தண்டில் துளை போட்டுப் பெருங்காயத்தை வைத்து அடைத்தால் பட்டுப்போகும் என்பது அவர் வைத்தியம். பெருங்காயம் விற்கிற விலையில் ரசத்துக்கே யோசித்துப் போடுகிறேன், அதை மரத்துக்கு ஊட்டச் சொல்கிறார்.

ரெண்டு வாரமாக நாளை நாளை என்று அவரைத் தட்டிக் கழிக்கிறேன். ஏன் என்று உனக்குத்தான் சொல்லமுடியும்.

குடமுருட்டி ஆற்றுப் படித்துறை அத்தியை நினைவிருக்கிறதா? செமஸ்டர் லீவில் வந்தபோது அதன் வேரில் உட்கார்ந்துதான் நீ அந்த மகா கடிதத்தை எழுதிக் கிழித்தாய். ஹைப்பந்தோடியம், அதாவது பூவையெல்லாம் உள்ளே ஒளித்து வைத்திருக்கிற அத்திக்காய், ரெண்டு மார்க், வரைந்து பாகம் குறி. வரைந்தோம், குறித்தோம். ஒரு தடவையாவது பிட்டுப் பார்த்தோமா? அப்புறம் நான் முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் அதே படத்தைக் கரும்பலகையில் போட்டேன். பூ உள்ளே இருக்கிறது, பூச்சி மகரந்தச் சேர்க்கை செய்கிறது, அடுத்த பாடம். வெட்கக்கேடு.

ரிட்டயர் ஆன வருஷம்தான் உட்கார்ந்தேன். உன் லென்ஸோடு. (ஆமாம், 1981இல் காணாமல் போன அதே லென்ஸ்தான். சத்தம் போடாதே.) விடிகாலை, அடிமரத்தில் கொத்தாகத் தொங்குவதில் பாதி சிவந்த ஒன்றைப் பறித்துப் படிக்கட்டில் வைத்துப் பிட்டேன். அத்திப் பழத்தைப் பிட்டால் அத்தனையும் புழு என்பார்களே. புழு இல்லை ராஜி. குளவி. எள்ளைவிடக் கொஞ்சம் சின்னது, கறுப்பாக, றெக்கையோடு. உள்சுவர் முழுக்க ஆயிரக்கணக்கில் பூ, அதில் பல பூவில் விதைக்குப் பதில் சின்னச் சின்ன உருண்டை, ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் ஒன்று. சிலதில் ஓட்டை போட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நடுவில் மஞ்சளாக, றெக்கையே இல்லாமல், வயிற்றை வளைத்துக்கொண்டு ஊர்ந்தவை ஆண்கள்.

அன்றைக்குக் காப்பி ஆறிப்போனது. அப்புறம் ஒரு மாதம் படித்தேன்.

காய் பிஞ்சாக இருக்கும்போது நுனித் துவாரம் வழியாக ஒருத்தி நுழைவாள். செதில் செதிலாக மூடின வாசல் அது. நுழையும்போதே றெக்கை பிய்ந்துவிடும். பிறந்த காயிலிருந்து எடுத்து வந்த மகரந்தம் நெஞ்சுக்கடியில் பையில் இருக்கும், என் பாட்டியின் வெற்றிலைச் சுருக்குப்பை மாதிரி. அதைக் காலால் எடுத்துப் பூவில் வைப்பாள், நம்பு, தற்செயலாக ஒட்டுவதில்லை, எடுத்து வைக்கிறாள். அப்படியே முட்டையும் இடுவாள். அவள் ஊசி எட்டுகிற பூவில் குஞ்சு, எட்டாத நீளமான சூல்தண்டுப் பூவில் விதை. மரம் தன் விதையில் ஒரு பங்கைக் குத்தகைக்கு விட்டிருக்கிறது. அவள் உள்ளேயே செத்துப்போவாள். வாரக்கணக்கில் கழித்து முதலில் ஆண்கள் வெளியே வருவார்கள். பெண்கள் இன்னும் உருண்டைக்குள் இருக்கும்போதே கல்யாணம் முடிந்துவிடும். அப்புறம் ஆண்கள் காய்ச்சுவரைக் கடித்து வழி திறந்துவிட்டுச் சாவார்கள். அந்த வழியில் பெண்கள் பையை நிரப்பிக்கொண்டு கிளம்புவார்கள். ஆண்பூ சரியாக அன்றைக்குத்தான் விரிந்திருக்கும். அந்தப் பெண்களுக்கு ஆயுசு ஒரு நாள், மிஞ்சினால் ரெண்டு நாள். ஒரே மரத்தில் காயெல்லாம் ஒன்றாகப் பழுப்பதால், பிஞ்சு விட்டிருக்கிற வேறு ஒரு அத்தியை அதற்குள் வாசனை பிடித்துப் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

ஆலுக்கு வேறு குளவி, அரசுக்கு வேறு. அத்தியின் ஆள் அத்திக்குத்தான்.

இதிலும் சுசீ நாத்தனார் கோஷ்டி உண்டு, மொய் எழுதாமல் பந்தியில் உட்காருகிறவர்கள். மகரந்தம் தூக்காத குளவிகள். உள்ளே நுழைவதில்லை, தன் உடம்பைவிட நீளமான ஊசியைக் காயின் வெளித்தோலில் இறக்கி முட்டையை உள்ளே தள்ளிவிடும். ஒன்றை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டி மாதிரியே நின்றது. அந்த ஊசி முனையில் துத்தநாகம் இருக்கிறது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்காரர்கள் 2014இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். துத்தநாகம்! துளை போட முனைக்குப் பூண்! நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே முசுறு எறும்பு ஒன்று வந்து அதை ஊசியோடு கவ்விக்கொண்டு போனது. முசுறு மரத்தில் கூடு கட்டினால் கடிக்கிறதே என்று நாம் தீப்பந்தம் பிடிப்போம். அத்திக்கு அதுதான் வாசல் காவல்.

(அம்மா அத்திக்காயை நறுக்கி மோரில் போட்டுக் கூட்டு வைப்பாளே. பிஞ்சிலேயே பறித்துவிடுவதால் நாம் சைவமாகத்தான் இருந்தோம் என்று சொல்லிக்கொள்கிறேன். நீ மேலே விசாரிக்காதே.)

பழுத்தால் அடுத்த கும்பல். மைனா, குயில், கன்னான் குருவி, ராத்திரியில் வௌவால். தண்ணீரில் விழுவதற்குக் கெண்டைகள் காத்துக்கிடக்கும். படித்துறையில் துணி துவைக்கிறவர்கள் காலில் எல்லாம் இடிக்கும். வருஷத்துக்குப் பல தடவை காய்க்கிற மரம். மற்ற மரத்தில் ஒன்றுமில்லாத மாதத்திலும் இதில் ஏதாவது இருக்கும். குளவிக்கு ஆயுசு ரெண்டு நாள் என்றால் எப்போதும் எங்காவது ஒரு அத்தி காய்த்துக்கொண்டே இருந்தாக வேண்டாமா? பறவைக்குக் கிடைக்கிற சாப்பாடு அதில் வந்த உபரி.

அந்த மரம் இப்போது இல்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வைகாசியில், மேட்டூர் திறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று அவசர அவசரமாகத் தூர்வாரினார்கள். மிஷின் திரும்ப இடமில்லை என்று அத்தியைச் சாய்த்துவிட்டார்கள். தூர்வாராதே என்று நான் சொல்லமாட்டேன். கடைமடைக்காரன் தண்ணீர் வராமல் படுகிற பாட்டை நானும் பார்த்திருக்கிறேன். பத்தடி தள்ளித் திருப்பியிருக்கலாம், அவ்வளவுதான். நான் அன்றைக்கு பேங்குக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அடிமரத்தில் பால் வடிந்துகொண்டிருந்தது. தண்டு முழுக்கப் பச்சைக் காய். ஒன்றைப் பிட்டேன். உருண்டைகள் எல்லாம் கட்டியிருந்தன. ஆண்கள்கூட இன்னும் வெளியே வரவில்லை. பத்து நாள் விட்டிருந்தால் கிளம்பியிருப்பார்கள்.

அழுதேன். அவரிடம் வெங்காயம் என்றேன், கையில் வெங்காயமே இல்லை.

ஒரு வாரம் கழித்து கன்னான் குருவி ஒன்று வந்து கரண்டு கம்பியில் உட்கார்ந்து டொங் டொங் என்று தட்டிவிட்டுப் போனது. அப்புறம் அதுவும் வரவில்லை. இப்போது எதுவோ ஒன்று, குயிலோ வௌவாலோ, எங்கேயோ தின்றுவிட்டு என் கிணற்றில் எச்சமிட்டிருக்கிறது. எங்கே தின்றது? அதுதான் ராத்திரியெல்லாம் ஓடுகிறது. அப்படியென்றால் பக்கத்தில் எங்கோ இன்னொரு அத்தி காய்க்கிறது. எனக்குத் தெரிந்து இங்கிருந்து திருவையாறு வரை கரையில் ஒன்று இல்லை. பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்கிறேன், கண்டக்டர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறான்.

சரி, செடி பிழைத்து மரமாகிவிட்டது என்றே வை. குளவி எங்கிருந்து வரும்? அங்கேதான் ஒன்று படித்தேன். ஆப்பிரிக்காவில் நமீபியா என்கிற வறண்ட நாட்டில், ஒரு ஆற்றங்கரை நெடுக அத்தி. நம் அத்திக்குப் பங்காளி, அதன் குளவியும் நம் குளவிக்குப் பங்காளி. அங்கே ஒவ்வொரு மரமாகக் கணக்கெடுத்து, விதையின் மரபணுவைப் பார்த்து, தகப்பன் மரம் எது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். 2009இல் வெளிவந்தது. அந்தக் குளவி மகரந்தத்தை 160 கிலோமீட்டர் வரை கொண்டுபோயிருக்கிறது. காற்றில் ஏறி. கல்லணையில் கிளம்பினால் பூம்புகார் தாண்டிக் கடலில் விழுகிற தூரம், எள்ளைவிடச் சின்னது, ரெண்டு நாள் ஆயுசு. இங்கே இப்போது மேற்கேயிருந்து ஆடிக்காற்று தூக்குகிறது. கொடியில் துணி நிற்கவில்லை.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். நான் எப்போது திருவாரூர் வந்தாலும் வாசலிலேயே என்ன சொல்வாள்? "வாடி, அத்தி பூத்தாப்ல வந்திருக்கே." அது தப்பு மாமி, அத்தி வருஷம் முழுக்கப் பூக்கிறது, உங்கள் கூட்டில் இருந்ததே பூதான் என்று சொல்லி அவளைச் சண்டைக்கு இழுக்க வேண்டும் என்று ரிட்டயர் ஆன வருஷத்திலிருந்து வைத்திருந்தேன். லென்ஸைக்கூடக் கைப்பைக்குள் போட்டு வைத்தேன். பாபநாசத்திலிருந்து திருவாரூர், ராஜி! ஏழு வருஷம். செய்தி வந்த அன்று புடவை மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனேன். வாசலில் அந்த வார்த்தையைச் சொல்ல ஆளில்லாமல் எப்படி உள்ளே நுழைவது என்று தெரியவில்லை. திரும்பிவிட்டேன். மூட்டுவலி இதுதான். மன்னிக்க வேண்டாம், தெரிந்துகொள், போதும்.

இப்போது கிணறு. நாலு செங்கலைப் பெயர்த்து வேரோடு எடுத்துவிடலாம் என்று கொத்தனாரைக் கெஞ்சினேன். நாலு செங்கலுக்கு ஒரு நாள் கூலி கேட்கிறார், செடி பிழைக்க உத்தரவாதம் இல்லை என்கிறார். எடுத்தால் எங்கே வைப்பது? கரையில் வைத்தால் அடுத்த தூர்வாரலில் போகும். கொல்லையில் வைத்தால் வேர் கொழுந்தன் வீட்டுச் சுவருக்குப் போகும். அந்த வழக்கு ஏற்கெனவே முருங்கை மரத்துக்காக நடந்து ஓய்ந்தது. வண்ணான்குளத்து மேட்டில் இடம் இருக்கிறது, ஆடு விடாது. முள் வைத்துக் கட்டித் தினம் ஒரு குடம் தண்ணீர் நானே தூக்க வேண்டும், நிஜமான மூட்டோடு. காய்க்கிற வரை நான் இருப்பேனா என்று அவர் கேட்கிறார். குத்தலாக இல்லை, கணக்காகக் கேட்கிறார், அதுதான் எரிச்சல்.

நீ என்ன சொல்கிறாய்? கொல்லையா, மேடா, பெருங்காயமா? வழவழவென்று பேசாமல் ஒரே வார்த்தையில் சொல். பங்குனியில் அம்மா வருஷத் திதிக்கு வருவாய் அல்லவா, நான் திருவாரூர் வந்துவிடுகிறேன், முதல் நாளே. லென்ஸைக் கொண்டுவரமாட்டேன், பிடுங்கிக்கொள்வாய்.

கொத்தனார் வியாழக்கிழமை வருகிறார். அதற்குள் போன் பண்ணு. காலையில் பண்ணாதே, அவர் எடுத்துவிடுவார். அவர் கொத்தனார் கட்சி.

உன்,
மீனா