ஐம்பது மணி நேரக் கணக்கு

அன்புள்ள கண்ணுக்கு,

நேற்றிரவு அங்கே ஜெர்மனியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பியிருப்பார்கள். இனி மார்ச் கடைசி வரை எங்களுக்கும் உனக்கும் நாலரை மணி நேரம் வித்தியாசம். டிசம்பரில் ம்யூனிக்கில் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகளும் அடைத்துக் கிடக்கும். வெள்ளி சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் திங்கள் காலை வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிடலாம். அதனால்தான் குளிர் முற்றுவதற்குள் இதை எழுதுகிறேன்.

தனிமை மனசோடு நின்றுவிடுவதில்லை, உடம்புக்குள்ளும் இறங்கும். 1997-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். நல்ல ஆரோக்கியமான 276 பேருடைய மூக்கில் ஜலதோஷக் கிருமியைச் சொட்டு மருந்து மாதிரி விட்டுப் பார்த்தார்கள். ஒன்று முதல் மூன்று வகை உறவுகள் மட்டுமே இருந்தவர்களுக்கு, ஆறு வகையோ அதற்கு மேலோ இருந்தவர்களைவிட ஜலதோஷம் பிடிக்கும் வாய்ப்பு நாலு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. அதில் எண்ணிக்கையைவிட வகையைத்தான் பெரிதாகப் பார்த்தார்கள். வீட்டார் ஒரு வகை, வேலை இடத்தார் ஒரு வகை, அக்கம்பக்கம் ஒன்று, சங்கம் ஒன்று, கோயில் ஒன்று. உன்னுடையதை எண்ணிப் பார். போனில் நாங்கள், அலுவலகத்தில் கூட வேலை பார்க்கிறவர்கள். இரண்டோடு நிற்கிறது. இந்தக் குளிர்காலத்தில் இன்னும் இரண்டு வகை சேர்ந்தால் போதும்.

நெருக்கமான சிநேகிதன் ஒருவன் உடனே கிடைக்க வேண்டும் என்று தேடாதே. அங்கேதான் எல்லோரும் சலித்துப் போகிறார்கள். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்பவர் 2018-ல் இதை மணிக்கணக்கில் அளந்து சொன்னார். தெரிந்த முகம் சாதாரண நட்பாக மாறச் சுமார் 50 மணி நேரம், நண்பன் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பனாக 200-க்கு மேல். வாரம் இரண்டு மணி நேரம் ஒரு வகுப்புக்குப் போனால் ஐம்பதைத் தொட 25 வாரம் ஆகும். முடிந்ததும் அதே ஆட்களோடு ஒரு மணி நேரம் காபி குடித்தால் 17 வாரம். மூன்றாவது வாரமே “யாரும் ஒட்டவில்லை” என்று நின்றுவிட்டால் ஆறோ ஒன்பதோ மணி நேரத்தில் கைவிட்டதாக அர்த்தம். ஒட்டும் நேரமே இன்னும் வந்திருக்காது.

ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் கேள்: அடுத்த வாரமும் இதே முகங்கள் வருமா? காதில் இயர்ஃபோனோடு ஜிம்முக்குப் போவது இதில் சேராது. நூறு பேர் கூடுகிற தீபாவளி விழாவுக்குப் போ, சந்தோஷம்தான். ஆனால் அங்கே இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு யாரோடும் பேசாமலே திரும்பிவிடவும் முடியும். ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்கிற பெரியவர்களுக்கான கல்விக்கூடத்தில் ஜெர்மன் வகுப்பு நேரில் சேர், ஆன்லைன் வேண்டாம். நீ டேபிள் டென்னிஸ் ஆடுவாய் அல்லவா, பக்கத்தில் ஒரு ஃபெரைன், அதாவது சங்கம், பார். ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்பது அந்த நாட்டுச் சட்டம், அதனால் எதற்கும் ஒரு சங்கம் இருக்கும். சேருவதற்கு முன் ஒரு நாள் ஆடிப் பார்க்கலாமா என்று கேள். பெரும்பாலும் விடுவார்கள்.

கூச்சமாக இருந்தால் கையில் வேலை இருக்கிற இடத்துக்குப் போ. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு பார்க்ரன் என்ற பொது ஓட்டம் நடக்கும், ஐந்து கிலோமீட்டர், காசு கிடையாது. ஓட வேண்டாம், தொண்டராகப் பெயர் கொடு. ஓடி முடித்தவர்களின் பார்கோடை ஸ்கேன் செய்கிறவனிடம் எல்லோரும் தாமாகவே வருவார்கள், பேச்சை நீ ஆரம்பிக்க வேண்டியதில்லை.

அந்த ஊர்க்காரர்கள் விலகி நிற்பதாகத் தோன்றும். பாதி அவர்கள் வழக்கம், பாதி தனிமை செய்கிற வேலை. நாள்பட்டுத் தனியாக இருக்கிற மூளை காவலுக்கு நிற்கிறது. சாதாரண முகம்கூடச் சிடுசிடுப்பாகத் தெரியும், தூக்கமும் துண்டு துண்டாக உடையும். “கூப்பிட்டால் தொந்தரவாக நினைப்பானோ” என்று தோன்றும்போது அதை நம்பாதே. முதன்முதலில் பேசிவிட்டுப் பிரிகிறவர்கள், எதிராளிக்குத் தம்மைப் பிடித்ததைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். அவனும் உன்னைப் பற்றி அப்படித்தான் யோசித்துக்கொண்டு போயிருப்பான்.

வழக்கம் என்றேனே, அது இதுதான். “ஒரு நாள் வீட்டுக்கு வா” என்று பொதுவாகச் சொன்னால் அங்கே அது காற்றோடு போய்விடும். “வருகிற 14-ந் தேதி சனிக்கிழமை ஆறு மணிக்குத் தோசை” என்று இரண்டு வாரம் முன்னாலேயே சொல், குறித்துவைத்து வருவார்கள். முதல் தடவை மூன்று பேருக்கு மேல் அழைக்காதே, கூட்டம் சேர்ந்தால் நீ அடுப்படியிலேயே நிற்பாய். உன் பிறந்தநாளுக்கு யாராவது கேக் வாங்கி வருவார்கள் என்று காத்திருக்காதே, அங்கே பிறந்தநாள்காரர்தான் அலுவலகத்துக்குக் கேக் கொண்டுபோக வேண்டும். பார்சலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனால் எரிச்சல்படாதே. கதவைத் தட்டி, பெயரைச் சொல்லி, இரண்டு நிமிடம் நின்று பேசிவிட்டு வா. அக்கம்பக்கம் என்ற வகை அங்கேதான் தொடங்குகிறது.

எங்களோடு வாட்ஸாப்பில் எழுதுவதைக் குறைத்துக்கொண்டு குரலில் பேசு. 2012-ல் வந்த ஒரு ஆய்வில், பதற்றமாக இருந்த சிறுமிகள் அம்மாவின் குரலைக் கேட்டதும் அவர்கள் உடம்பில் பதற்ற ஹார்மோன் இறங்கியது. அம்மா தட்டச்சு செய்து அனுப்பிய செய்தியில் அது நடக்கவில்லை. நீ சிறுபிள்ளை இல்லை, ஆனாலும் “சாப்டியா” என்பதை எழுத்தில் படிப்பதும் காதால் கேட்பதும் ஒன்றில்லை.

இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், சோறு இறங்காமல், விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு கிடந்தாயானால் அது தனிமையோடு நிற்கவில்லை. வகுப்பும் ஆட்டமும் அதற்கு மருந்தல்ல. உடனே உன் குடும்ப மருத்துவரிடம் நேரம் வாங்கு. வாழப் பிடிக்கவில்லை என்ற நினைப்பு வந்தால் எந்த நேரமானாலும் எங்களை எழுப்பு. அங்கே 0800 1110111 என்ற இலவச எண்ணில் இரவும் பகலும் ஆள் இருப்பார்கள். அவசரமென்றால் 112.

ஞாயிறு உன் நேரம் பதினொரு மணிக்கு, இங்கே மூன்றரைக்கு, நாங்களே கூப்பிடுகிறோம். அதற்குள் எந்த வகுப்பு, எந்தக் கிழமை என்று பார்த்துவை.

அன்புடன்,
அம்மா