திருநெல்வேலிச் சந்தையில் கண்ட அம்மாவுக்கு

பெயர் தெரியாது அம்மா, இதை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டினால் சந்தோஷம். எங்கள் பேட்டுக்கோழி தின்னாமல் தூங்கிக்கொண்டு நின்றபோது வீட்டில் எல்லாரும் இனிச் சரிவராது என்றுவிட்டார்கள். நீங்கள்தான், விடிய இரை போடமுதல் கழுத்தடியைத் தடவிப் பாருங்கோ, ராத்திரியே தின்றதெல்லாம் இறங்கி, அங்கே இருக்கிற இரைப்பை வெறுமையாக இருக்கவேணும் என்றீர்கள். பார்த்தால் மாவுருண்டை போல இறுகிக் கிடந்தது, நீளப் புல் சிக்கியிருக்கவேணும்! தீனை நிறுத்தி, இளஞ்சூட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கி, மெல்ல உருவிவிட்டோம். தலைகீழாகப் பிடித்தால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று நீங்கள் சொன்னது எவ்வளவு நல்லது, அண்ணை அதைத்தான் செய்யப் பார்த்தார். இப்போது குறுமணலும் வைக்கிறோம், பல்லில்லாத சீவன் அரைக்க அதுதானே வேணும். நேற்று முட்டையும் இட்டுவிட்டாள். பெரிய நன்றி அம்மா, சந்தைப்பக்கம் வந்தால் கட்டாயம் கதைக்கவேணும்.